பதினோரு மாத ஒப்பந்தம், அறுபது மாதக் கடன்

2022 பிப்ரவரியில் இரண்டு பேர் என் மேசைக்கு எதிரே வந்து உட்கார்ந்தார்கள். ஒரு ஷெட்டின் விலாசத்தைக் கொடுத்து, "ஜி.எஸ்.டி. நம்பர் எடுக்கணுங்க சார்" என்றார்கள். ஷெட்டுக்கு அட்வான்ஸ் கொடுத்தாயிற்றாம். ஒரு வாரம் முன்னால் வந்திருந்தால் இந்தக் கட்டுரைக்கு விஷயமே இருந்திருக்காது.

கோவையில் சின்னப் பட்டறைகளுக்குக் கணக்கு எழுதுவது என் தொழில். ஷெட் பார்த்துக் கொடுப்பது என் வேலையில்லை. ஆனால் ஷெட்டில் செய்த தப்பு கடைசியில் என் கணக்குப் புத்தகத்தில்தான் வந்து உட்காரும். அப்படி வந்து உட்கார்ந்த ஒன்றை இங்கே முழுதாக எழுதுகிறேன். பெயர் வேண்டாம் என்று இருவரும் கேட்டுக்கொண்டதால் மூத்தவர், இளையவர் என்றே வைத்துக்கொள்வோம்.

மூத்தவர் ஒரு பம்ப் கம்பெனியின் டூல் ரூமில் 16 வருஷம் இருந்தவர். இளையவர் அதே இடத்தில் சி.என்.சி. (கம்ப்யூட்டர் கட்டளைப்படி உலோகம் வெட்டும் இயந்திரம்) புரோகிராமும் செட்டிங்கும் பார்த்தவர். கூட்டு நிறுவனமாகப் பதிவு செய்து, ஒரு புது வி.எம்.சி.யும் (மேலிருந்து செங்குத்தாக உலோகத்தைக் குடையும் சி.என்.சி. இயந்திரம்) ஒரு பழைய சி.என்.சி. லேத்தும் வாங்கி ஜாப் ஒர்க், அதாவது மற்ற கம்பெனிகளின் பாகங்களைக் கூலிக்குச் செய்து தரும் வேலை, எடுப்பது திட்டம். வேலை கொடுக்க ஆள் இருந்தது, கை சுத்தம், அளவு சுத்தம். வங்கிக் கடன் 27 லட்சம், வட்டி 10.5 சதவீதம், 60 மாதத் தவணை. மாதம் சுமார் 58,000 ரூபாய்.

இரண்டு ஷெட் பார்த்திருந்தார்கள். முதலாவது அத்திப்பாளையம் போகிற வழியில், ஒரு காலத்தில் சோளம் விளைந்த நிலத்தில் கட்டியது. 1,600 சதுர அடி, சதுர அடிக்கு 10 ரூபாய், மாதம் 16,000. இரண்டாவது அரசூர் பக்கம். அதே 1,600 சதுர அடி, ஆனால் 14 ரூபாய், மாதம் 22,400. ஏற்கெனவே ஒரு பட்டறை ஓடிக் காலி செய்த இடம். முதல் ஷெட்டைப் பிடித்தார்கள்.

"மாசம் ஆறாயிரத்து நானூறு மிச்சமுங்க சார். வருஷத்துக்கு எழுபத்தாறாயிரத்துச் சொச்சம்" என்றார் இளையவர். கணக்கு சரிதான். நானும் அன்றைக்குத் தலையாட்டினேன் என்பதை மறைக்கக் கூடாது.

மீட்டர் யார் பெயரில்?

வாடகை, அட்வான்ஸ், சதுர அடி, வீட்டிலிருந்து எவ்வளவு தூரம். புதிதாகத் தொழில் தொடங்குகிறவர்கள் இந்த நாலையும்தான் பார்க்கிறார்கள். இவர்களும் அப்படியே. சுவரில் மாட்டியிருந்த மீட்டரை யாரும் நிமிர்ந்து பார்க்கவில்லை.

அந்த இணைப்புக்கு அனுமதித்த மின் அளவு, அதாவது லோடு, 10 எச்.பி. (சுமார் ஏழரை கிலோவாட்). தமிழ்நாட்டு மின் கட்டண முறையில் 12 கிலோவாட் வரை குறுந்தொழில் பிரிவு. அதைத் தாண்டினால் தாழ்வழுத்தத் தொழிற்சாலைப் பிரிவு. அதற்கும் மேலே போனால் உயரழுத்தம், சொந்த டிரான்ஸ்பார்மர் என்று வேறு உலகம். இவர்களுக்கு வி.எம்.சி., லேத், கம்ப்ரெசர், விளக்கு, ஃபேன் எல்லாம் சேர்த்து 34 கிலோவாட் தேவைப்பட்டது. ஆக, கூடுதல் லோடு வாங்க வேண்டும், கட்டணப் பிரிவும் மாறும்.

விண்ணப்பிக்கப் போனபோதுதான் தெரிந்தது, இணைப்பு ஓனரின் அப்பா பெயரில் இருக்கிறது. அப்பா காலமாகி ஒன்பது வருஷம். முதலில் வாரிசுச் சான்று, உடன்பிறந்தவர்களின் சம்மதம், பெயர் மாற்றம். அது முடிந்த பிறகு லோடு விண்ணப்பம், ஓனரின் சம்மதக் கையெழுத்து. பிறகு மின்வாரியத்தார் வந்து அந்தப் பகுதி டிரான்ஸ்பார்மரில் இடம் இருக்கிறதா என்று பார்த்து, மதிப்பீடு போட்டு, பணம் கட்டச் சொல்லி, வரிசையில் நிற்க வைத்தார்கள். ஓனர் சம்மதிக்காவிட்டால் உறுதிமொழிப் பத்திரம் எழுதிக் கொடுத்து இரட்டை டெபாசிட் கட்டி இணைப்பு வாங்கும் வழியும் விதியில் உண்டு. ஆனால் குடிபோன முதல் மாதமே ஓனரோடு அந்த அளவுக்கு முறுக்கிக்கொள்ள யாருக்கு மனசு வரும்?

இயந்திரம் மார்ச் மாதமே வந்துவிட்டது. கரண்ட் வந்தது ஜூன் மத்தியில். நடுவில் மூன்று தவணை கட்டியாயிற்று, ஸ்பிண்டில் ஒரு சுற்று கூடச் சுற்றவில்லை.

இயந்திரம் இறங்கிய நாள் தனிக்கதை. வி.எம்.சி. எடை நாலரை டன். லாரி உள்ளே வரும் பாதையில் திரும்ப இடமில்லை, முக்கால் கிலோமீட்டர் பின்னாலேயே வந்தது. ஷட்டர் உயரம் ஒன்பது அடி என்று ஓனர் சொன்னது உண்மைதான். ஆனால் சுருட்டிய ஷட்டர் மேலே தொங்குவது போக எட்டரை அடிதான் மிஞ்சும். இயந்திரம் அதற்கு மேல். ஷட்டர் டிரம்மையே கழற்றி, ஹைட்ராவில் (வாடகைக் கிரேன்) தூக்கி வாசலில் வைத்து, அங்கிருந்து பைப் போட்டு உருட்டி உள்ளே கொண்டுபோனார்கள். அதற்குள் பொழுது சாய்ந்து, ஹைட்ராவுக்கு இரண்டாவது ஷிஃப்ட் வாடகையும் ஏறிவிட்டது. தரை நாலு அங்குல கான்கிரீட், மூட்டை அடுக்கப் போட்டது. அதை வெட்டி எடுத்து, கம்பி கட்டி, பவுண்டேஷன் போட்டார்கள்.

ஆண்டு முடிவில் மூத்தவர் கேட்டதற்காக ஒரு தாளில் எழுதிக் காட்டினேன். லோடு, பெயர் மாற்றம், கேபிள், பேனல் போர்டு எல்லாம் 1,10,000. தரையும் பவுண்டேஷனும் 85,000. ஹைட்ரா, ஷட்டர் வேலை 32,000. சும்மா நின்ற மூன்று மாதத் தவணை 1,74,000. மொத்தம் 4,01,000 ரூபாய். இதில் நியாயமாகக் கொஞ்சம் கழிக்க வேண்டும். அரசூர் ஷெட்டுக்குப் போயிருந்தாலும் பவுண்டேஷனுக்கும் ஹைட்ராவுக்கும் ஒரு 69,000 ஆகியிருக்கும். மீதி 3,32,000. தாளில் இருந்தது அவ்வளவுதான், மேற்கொண்டு இப்போது போடுகிறேன். அந்த ஷெட்டில் அவர்கள் கடைசியில் இருந்தது 24 மாதம். மாதத்துக்கு 13,833 ரூபாய் வருகிறது. வாடகையோடு சேர்த்தால் 29,833, சதுர அடிக்கு சுமார் 18 ரூபாய் 65 பைசா. விலை அதிகம் என்று விட்டுவந்த ஷெட் 14 ரூபாய்.

தாளை இளையவர் மடித்துப் பையில் வைத்துக்கொண்டார். ஒன்றும் பேசவில்லை.

அந்தக் காகிதம்

செலவானது கூடப் பரவாயில்லை, ஐந்து வருஷம் இருந்தால் தேய்ந்துவிடும் என்று மூத்தவர் தேற்றிக்கொண்டார். எனக்கு அப்போதுதான் ஒப்பந்தம் ஞாபகம் வந்தது. ஜி.எஸ்.டி. பதிவுக்காக நானே ஸ்கேன் செய்து ஏற்றிய காகிதம். 20 ரூபாய் முத்திரைத்தாளில் டைப் அடித்தது, பதினோரு மாதம்.

நம் ஊரில் வாடகை என்றாலே பதினோரு மாதம்தான். ஏன் என்று கேட்டால் பலருக்கும் தெரியாது, "அப்படித்தானுங்க போடுவாங்க" என்பார்கள். காரணம் 1882ஆம் ஆண்டின் சொத்து மாற்றச் சட்டம். அதன் 107ஆம் பிரிவுப்படி ஓராண்டுக்கு மேற்பட்ட குத்தகையோ, ஆண்டுக்கு ஆண்டு தொடரும் குத்தகையோ, பதிவு செய்த பத்திரத்தால் மட்டுமே செல்லும். பதினோரு மாதம் என்று போட்டால் சார்பதிவாளர் அலுவலகத்துக்குப் போக வேண்டியதில்லை, கட்டணம் மிச்சம். வீட்டு வாடகைக்கு இது ஒத்துவரலாம். கட்டிலையும் பீரோவையும் ஒரு ஞாயிற்றுக்கிழமை தூக்கிக்கொண்டு போய்விடலாம். நாலரை டன் இயந்திரத்தையும், அதற்கென்று வெட்டிய தரையையும், ஓனர் பெயரில் வாங்கிய லோடையும் தூக்க முடியாது.

இதில் எனக்கு மிகவும் எரிச்சல் தரும் இடம் ஒன்று உண்டு. அதே சட்டத்தின் 106ஆம் பிரிவு உற்பத்தித் தொழிலுக்குத் தனிச் சலுகை தருகிறது. ஒப்பந்தத்தில் வேறு மாதிரி எழுதாதவரை, உற்பத்திக்காக விட்ட இடம் ஆண்டுக்கு ஆண்டு தொடரும் குத்தகையாகவே கருதப்படும், காலி செய்யச் சொல்ல ஆறு மாத அறிவிப்பு வேண்டும். மற்ற இடங்களுக்குப் பதினைந்து நாள் போதும். பட்டறையைப் பெயர்த்துப் போடுவது எவ்வளவு சிரமம் என்று 1882இலேயே யாரோ யோசித்திருக்கிறார்கள். ஆனால் 107 அந்தச் சலுகையின் காலை வாரிவிடுகிறது. ஆண்டுக்கு ஆண்டு தொடரும் குத்தகை என்றால் பதிவு வேண்டும் அல்லவா? பதிவு செய்யாத காகிதத்தோடு போனால், மாதக் குத்தகையாகத்தான் நீதிமன்றம் பார்க்கும். ஆறு மாதம் பதினைந்து நாளாகிவிடும்.

2022 டிசம்பரில் முதல் பதினோரு மாதம் முடிந்தது. ஐந்து சதவீதம் ஏற்றிக் கேட்கலாம் என்று ஒப்பந்தத்தில் இருந்தும் ஓனர் கேட்கவில்லை, அதே வாடகையில் இன்னொரு காகிதம் எழுதிக் கொடுத்தார். மூன்று வருஷத்துக்குப் பதிவு செய்துகொள்ளலாமா என்று மூத்தவர் போய்க் கேட்டார்.

"அதெல்லாம் எதுக்குங்க தம்பி? நீங்க இருக்கற வரைக்கும் இருங்க. உங்கள நான் போகச் சொல்லுவனுங்களா?"

அவர் மனதார அப்படிச் சொன்னார் என்றே நினைக்கிறேன். 2023 நவம்பரில் அவர் மகன் பொறுப்புக்கு வந்தார். துணிக் குடோனுக்கு ஒருவர் மாதம் 24,000 தருவதாகச் சொல்கிறார், டிசம்பருக்குள் காலி செய்யுங்கள் என்றார். ஓனர் பெரியவர் திண்ணையில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தாராம். கெஞ்சிக் கூத்தாடி ஜனவரி கடைசி வரை நாள் வாங்கினார்கள்.

வக்கீல் நோட்டீஸ் விடலாமா என்று இளையவர் கொதித்தார். விட்டிருந்தால் சில மாதம் இழுத்திருக்கலாம். ஆனால் வேலை கொடுக்கிற கம்பெனிகளிடம் டெலிவரி தேதி சொல்லிவிட்டு கோர்ட் வாசலில் நிற்க முடியாது. அப்புறம் 1,60,000 ரூபாய் அட்வான்ஸ் ஓனர் கையில் இருக்கிறது. அதையும் நினைக்க வேண்டும்.

கிளம்பும்போது எதை எடுத்துப்போகலாம் என்பதில் ஒரு தகராறு. சட்டத்தின் 108ஆம் பிரிவில் இதற்கு வழி இருக்கிறது. குத்தகைதாரர் தான் பொருத்தியதை, இடம் தன் கைவசம் இருக்கும்போதே எடுத்துக்கொள்ளலாம். இடத்தைப் பழைய நிலையில் விட வேண்டும். சாவியைக் கொடுத்த பிறகு கேட்டால் உரிமை இல்லை. அதனால் பேனல் போர்டு, கேபிள், ஏர் லைன், ஃபேன், பவுண்டேஷன் போல்ட் எல்லாவற்றையும் ஜனவரி 31க்கு முன்பே கழற்றச் சொன்னேன். கான்கிரீட்டைக் கழற்ற முடியாதே. தரையைப் பழையபடி ஆக்கித் தர வேண்டும் என்று மகன் 25,000 பிடித்துக்கொண்டு மீதி அட்வான்ஸைக் கொடுத்தார். கூடுதல் லோடுக்குக் கட்டிய டெபாசிட், மீட்டர் யார் பெயரில் இருக்கிறதோ அவருடையது. அதை எழுதிக் கேட்க இவர்கள் கையில் எந்தக் காகிதமும் இல்லை.

இரண்டாவது ஷெட்

இந்த முறை என்னையும் கூட்டிக்கொண்டு போனார்கள். முதலில் அரசின் சிறுதொழில் வளர்ச்சிக் கழகமான சிட்கோவின் குறிச்சி எஸ்டேட்டில் ஒன்று பார்த்தோம். இடம் அருமை, ரோடு அருமை. ஆனால் எஸ்டேட்டில் ஒதுக்கீடு பெற்றவர் வெளியாளுக்கு வாடகைக்கு விட சிட்கோவின் அனுமதி வேண்டும். அதைக் கேட்டதும் அவர் பேச்சை மாற்றினார், நாங்கள் டீயைக் குடித்துவிட்டுக் கிளம்பினோம்.

கடைசியில் அமைந்தது அரசூர் பக்கமே. பழைய ஷெட் இல்லை, அதற்கு இரண்டு தெரு தள்ளி. 1,800 சதுர அடி, மாதம் 27,000. தொழிற்சாலைப் பிரிவில் 40 கிலோவாட் லோடு, உயிரோடு இருக்கிற ஓனர் பெயரிலேயே. மூத்தவர் இந்தத் தடவை டேப் எடுத்து ஷட்டரை ஏற்றிய நிலையில் அளந்தார். தரையில் ஒரு ஓரம் துளை போட்டுக் கனம் பார்த்தார். கடைசி ஆறு மாத ஈ.பி. பில்லைக் கேட்டு வாங்கினார். 2022 செப்டம்பரில் கட்டணம் உயர்ந்தபோது கிலோவாட் கணக்கில் வரும் நிலைக்கட்டணமும் ஏறியது, சிறுதொழில்காரர்கள் கடையடைத்துப் போராடியது நினைவிருக்கலாம். மெஷின் ஓடினாலும் நின்றாலும் வாங்கிய லோடுக்கு அது வந்துகொண்டே இருக்கும். அதனால் லோடு குறைவாக இருப்பது எவ்வளவு தொல்லையோ, தேவைக்கு மேல் இருப்பதும் தொல்லைதான்.

வில்லங்கச் சான்று போட்டுப் பார்த்ததில் ஒன்று மாட்டியது. அந்த நிலமும் ஷெட்டும் வங்கியில் அடமானம். ஓனர் மறைக்கவில்லை, கேட்டதும் சொன்னார். இளையவர் பயந்து வேண்டாம் என்றார். ஆனால் கோவையில் அடமானம் இல்லாத தொழில் கட்டடம் தேடினால் தேடிக்கொண்டே இருக்க வேண்டியதுதான். பார்க்க வேண்டியது வேறு. அடமானம் வைத்தவர் கட்டடத்தை வாடகைக்கு விடலாம், ஆனால் அடமானப் பத்திரத்தில் வேறு ஏற்பாடு இல்லாவிட்டால் மூன்று வருஷத்துக்கு மேல் விட அதிகாரம் இல்லை என்கிறது அதே சட்டத்தின் 65-ஏ பிரிவு. நாங்கள் கேட்க நினைத்தது ஐந்து வருஷம். ஐந்து என்று எழுதி, நாளைக்கு ஓனர் கடன் கட்டாமல் போய் வங்கி கட்டடத்தைக் கையகப்படுத்த வந்தால், அந்தக் குத்தகை நிற்காது. நம் இயந்திரம் உள்ளே, வங்கியின் பூட்டு வெளியே. ஆகவே மூன்று வருஷம், பிறகு இருவரும் ஒப்பி இன்னொரு மூன்று வருஷம் என்று எழுதி, ஓனரின் வங்கியிடமிருந்து ஆட்சேபம் இல்லை என்று கடிதமும் வாங்கினோம். அதற்கு ஐந்து வாரம் ஆனது. அந்த ஐந்து வாரம் இயந்திரங்கள் மூத்தவரின் பழைய நண்பர் ஒருவரின் பட்டறை ஓரத்தில் தார்ப்பாய் போர்த்திக் கிடந்தன.

பதிவுச் செலவைச் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் இதற்குப் பயந்துதான் ஊரே பதினோரு மாதம் போடுகிறது. முப்பது வருஷத்துக்குக் குறைந்த குத்தகைக்கு, மொத்த வாடகையும் அட்வான்ஸும் சேர்ந்த தொகையில் முத்திரைத் தீர்வை ஒரு சதவீதம், பதிவுக் கட்டணம் ஒரு சதவீதம், பதிவுக் கட்டணத்துக்கு உச்சவரம்பு 20,000 ரூபாய். வருஷம் ஐந்து சதவீத ஏற்றத்தோடு மூன்று வருஷ வாடகை 10,21,410. ஐந்து மாத அட்வான்ஸ் 1,35,000. கூட்டினால் 11,56,410. இரண்டு கட்டணமும் சேர்ந்து சுமார் 23,130 ரூபாய். ஒரு மாத வாடகையை விடக் குறைவு.

ஒப்பந்தத்தில் பேரம் பேசி வாங்கியவற்றில் நான் பெரிதாக நினைப்பது இரண்டு. வாடகை இரண்டு மாதம் பாக்கி வைத்தாலொழிய மூன்று வருஷத்துக்குள் ஓனர் காலி செய்யச் சொல்லக் கூடாது, நாங்கள் வேண்டுமானால் மூன்று மாத அறிவிப்பில் போகலாம். இது ஒருதலைப்பட்சமாகத் தெரியும். ஆனால் கடன் கட்டுகிறவர் அவரில்லையே. இரண்டாவது, கூடுதல் லோடு தேவைப்பட்டால் ஓனர் பத்து நாளுக்குள் கையெழுத்துப் போட வேண்டும், அதற்குக் கட்டும் டெபாசிட்டைக் காலி செய்யும்போது அட்வான்ஸோடு சேர்த்துத் திருப்பித் தர வேண்டும். பவுண்டேஷனை இடிக்காமல் விட்டுப்போகலாம் என்பதையும் எழுதினோம். அதற்காகப் பிடித்தம் கிடையாது. இயந்திரம் பூட்ட 40 நாள் வாடகை இல்லாமல் கேட்டோம், 20 நாள் கிடைத்தது.

அப்புறம் என் பங்கு வேலைகள். இடம் மாறினால் ஜி.எஸ்.டி. பதிவில் 15 நாளுக்குள் விலாசம் மாற்ற விண்ணப்பிக்க வேண்டும், உத்யம் என்ற சிறுதொழில் பதிவிலும் மாற்ற வேண்டும். ஆண்டு வாடகை 2,40,000ஐத் தாண்டியதால் கூட்டு நிறுவனம் பத்து சதவீதம் வரி பிடித்துத்தான் வாடகை தர வேண்டியிருந்தது. முதல் மாதம் 24,300 மட்டும் வந்ததைப் பார்த்து ஓனர் நேரிலேயே வந்துவிட்டார். அவருடைய வருமான வரிக் கணக்கில் 2,700 ஏறியதைப் பிற்பாடு போனில் காட்டிய பிறகே சமாதானமானார். 2025 ஏப்ரலிலிருந்து வரம்பு மாதம் 50,000 என்று மாறியதால் அந்தப் பிடித்தம் இப்போது இல்லை. 2024 அக்டோபர் 10 முதல் இன்னொன்று வந்தது. ஜி.எஸ்.டி.யில் பதிவு செய்யாத ஓனரிடம், பதிவு செய்த நிறுவனம் வாடகைக்கு இருந்தால் 18 சதவீத ஜி.எஸ்.டி.யை வாடகைதாரரே கட்ட வேண்டும். இவர்களுக்கு அப்போது மாதம் 4,860. பின்னால் தாங்கள் கட்டும் ஜி.எஸ்.டி.யில் உள்ளீட்டு வரியாகக் கழித்துக்கொள்ளலாம், ஆனால் முதலில் ரொக்கமாகக் கட்டியாக வேண்டும். வாடகை பேசும்போதே இதையும் கைச்செலவில் சேர்த்துக்கொள்வது நல்லது.

போன தை மாதத்தில் பழைய ஓனரிடமிருந்து போன் வந்தது. பெரியவர்தான். துணிக் குடோன்காரர் எட்டு மாதத்தில் காலி செய்துவிட்டாராம். ஷெட் பூட்டிக் கிடக்கிறது, ஈ.பி. பில் மட்டும் மாதா மாதம் வருகிறது.

"ஏனுங்க, அந்தத் தம்பிங்க வாங்குன லோடை எப்படிங்க கொறைக்கறது?"

மின்வாரியத்தில் லோடு குறைப்புக்கு விண்ணப்பிக்கலாம் என்று சொன்னேன். டெபாசிட் பற்றி அவர் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.